மூன்று கியூவும் ஒரு மழைக்காலமும்

நான் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய கியூவின், அதாவது மேசைமேல் பந்தை அடித்து ஆடும் குச்சியின், விலை 4,200 ரூபாய். 2018இல் அது எனக்குப் பெரிய தொகை. கருப்பும் சிவப்புமாக மின்னும் அடிக்கட்டை, நடுவில் ஸ்டீல் ஜாயின்ட், பிடிக்கும் இடத்தில் நூல் சுற்று. கடையில் கையில் எடுத்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. மறுநாள் சாயங்காலமே புதுச்சேரியில் நான் வழக்கமாகப் போகும் கிளப்புக்கு எடுத்துப்போய், 12 அடி ஸ்னூக்கர் மேசையில் ஆட ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த மூன்று மாதம் ஆட்டமே பிடிபடவில்லை. கிளப் குச்சியில் சாதாரணமாகப் போட்ட பந்துகள்கூடப் பாக்கெட் வாயில் இடதும் வலதுமாக மோதிவிட்டு வெளியே நின்றன. கொஞ்சம் சைடு கொடுத்து, அதாவது நடுவை விட்டுப் பக்கமாக அடித்தால், குச்சி தொடும் அந்த வெள்ளைப் பந்து நான் பார்த்த கோட்டில் போகவே இல்லை. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போனேன். பவர் மாறவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசியில் கிளப்பில் மேசைகளைக் கவனிக்கும் மார்க்கர் அண்ணன்தான் என் குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது பூல் ஸ்டிக்கு. நீங்க ஆடுறது ஸ்னூக்கர். இத வெச்சுக்கிட்டு எப்படி விழும்?"

இரண்டும் கியூவால் அடித்துப் பந்தைப் பாக்கெட்டில் தள்ளும் ஆட்டம்தான், ஆனால் மேசையும் பந்தும் வேறு. கடைக்காரரிடம் நான் எந்த மேசையில் ஆடுகிறேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. புதிதாகக் கியூ வாங்க நினைக்கிற யாரையும் நான் இப்போது முதலில் கேட்பது அதைத்தான்: வாரத்தில் அதிக நேரம் எந்த மேசையில் நிற்கிறீர்கள்? பதில் தெரிந்த பிறகு கடைக்குப் போனால் போதும்.

ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ., எடை சுமார் 140 கிராம். பூல் பந்து 57.15 மி.மீ., 156 முதல் 170 கிராம் வரை. கையில் எடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் குச்சியின் முனையே அதற்கேற்றபடிதான் செய்யப்படுகிறது. ஸ்னூக்கர் கியூவின் டிப், அதாவது முனையில் ஒட்டும் தோல், ஒன்பதிலிருந்து பத்து மி.மீ., பூல் கியூவில் பன்னிரண்டு, பதிமூன்று. சின்னப் பந்தின் நடுவில் பதிமூன்று மி.மீ. டிப்பை வைத்தால் பந்தின் கால்வாசி அகலம் மறைந்துவிடுகிறது. நடு எது, நடுவுக்கு ஒரு நூல் தள்ளி எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. போதாததற்கு ஸ்னூக்கர் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய மூன்றரை அங்குலம்தான், ஓரமும் வளைந்திருக்கும். பூல் மேசையில் மூலைப் பாக்கெட் நாலரை அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். பூலில் மன்னிக்கப்படும் பிழை ஸ்னூக்கரில் மன்னிக்கப்படாது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. வெள்ளைப் பந்தை நடுவுக்கு வலது பக்கம் தள்ளி அடித்தால், அது குச்சி காட்டும் நேர்க்கோட்டில் போகாமல் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கிப் போகும். எவ்வளவு ஒதுங்கும் என்பது குச்சியின் முன்பகுதி எவ்வளவு கனம், பந்து எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது. முன்பகுதி கனமாக ஆக ஒதுக்கம் அதிகம். பந்து லேசாக ஆக இன்னும் அதிகம். நான் கனத்த பூல் கியூவை எடுத்து லேசான ஸ்னூக்கர் பந்தை அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பாதகம். கண் டாக்டர் என்ன செய்வார்?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஸ்னூக்கர் கியூவை எடுத்துப்போய் பூல் மேசையில் ஓங்கி பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறவிடும் முதல் அடி, அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது மி.மீ. முனைக்கு அது தாங்காது. உலக்கைக்குப் பூண் போட்டதுபோல ஸ்னூக்கர் கியூவின் நுனியில் ஒரு சின்னப் பித்தளைப் பூண் இருக்கும். அதற்குக் கீழே மரம் விண்டு போவதை இரண்டு தடவை கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கம் பழைய கிளப்புகளில் ஸ்னூக்கர் மேசை, புதிய கஃபேக்களில் சின்ன பூல் மேசை என்று இரண்டும் கலந்தே கிடக்கின்றன. அதனால் இந்தக் குழப்பம் இங்கே சகஜம். 1875இல் ஜபல்பூரில் பிறந்து, 1882இல் ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஆட்டம் ஸ்னூக்கர். நம் மலையில் விதி எழுதிய ஆட்டத்துக்குத் தப்பான குச்சியோடு போய் நின்றது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

சரி, அந்தப் பூல் கியூவை நண்பருக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் கிளப் குச்சிக்குத் திரும்பினேன். அந்தச் சமயத்தில்தான் சொல்தா ஐயா அறிமுகமானார்.

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். இவர் அங்கே இருந்த காலத்தில் பாக்கெட்டே இல்லாத மேசையில் மூன்று பந்து வைத்து ஆடும் கேரம் பில்லியர்ட்ஸ் ஆடியவர். டிப்பை டிப் என்று சொல்ல மாட்டார். "புரோசெதே" என்பார். குச்சி முனையில் தோல் ஒட்டும் வழக்கமே ஒரு பிரெஞ்சு கேப்டன் கொண்டுவந்தது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. 1807 வாக்கில், பாரிஸ் சிறையில் இருந்த பிரான்சுவா மெங்கோ என்பவர்தான் அதைச் செய்து காட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதற்கு முன்னால் வெறும் மரமுனை. பந்தின் நடுவை விட்டு விலகி அடித்தால் வழுக்கிவிடும். வெள்ளைப் பந்தைப் பின்னால் இழுக்கும் ஸ்க்ரூ, முன்னால் ஓடவிடும் ஃபாலோ, சைடு என்று நாம் இன்று செய்கிற வித்தையெல்லாம் அந்தத் துண்டுத் தோலால் வந்தது.

ஒரு நாள் நான் தொடர்ந்து நாலு தடவை டிப் வழுக்கி மிஸ்க்யூ ஆனதைப் பார்த்து, என் கையிலிருந்த கிளப் குச்சியை வாங்கினார். டிப்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"நகம் எறங்கலையே தம்பி. கல்லு மாதிரி கெடக்கு. எப்ப மாத்துனாங்க இத?"

"தெரியலைங்க ஐயா."

"மேலப் பாரு. கண்ணாடி மாதிரி மின்னுது. இதுல சாக் எங்க நிக்கும்?" டிப் வழுக்காமல் இருக்க அதன்மேல் பூசுவதுதான் சாக்.

மறுநாள் ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் சாமான்களைப் போட்டுக் கொண்டுவந்தார். புது பிளேடு, இரண்டு நம்பர் உப்புத்தாள், ஜெல் பசை, ஒரு டிப். மார்க்கரிடம் சொல்லிவிட்டு அந்தக் குச்சியை எடுத்து ஓரமாக உட்கார்ந்தார். பழைய டிப்பை பிளேடால் சீவி எடுத்தார். பித்தளையின் மேல் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டினார். பிறகு உப்புத்தாளைச் சமமான தரையில் விரித்து, குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து வட்டமாகத் தேய்த்தார். முகம் சமமாக வந்ததா என்று வெளிச்சத்தில் பார்த்தார். புது டிப்பின் அடிப்பக்கத்தையும் அதேபோல் தேய்த்தார். பசையை ஒரே ஒரு சொட்டு வைத்து, டிப்பை ஒட்டி, குச்சியைத் தலைகீழாக ஒரு பலகைமேல் ஊன்றி ஒரு நிமிடம் அசையாமல் அழுத்தினார். அந்த ஒரு நிமிடமும் பேசவே இல்லை.

அப்புறம்தான் வெட்டு. டிப்பைப் பலகையில் கவிழ்த்து ஊன்றி, பித்தளையை ஒட்டியபடி பிளேடை மேலிருந்து கீழே இறக்கினார். பக்கவாட்டில் இழுத்தால் தோல் பிய்ந்துவிடுமாம். சுற்றி வரக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவியதும், ஓரத்தை உப்புத்தாளால் நயமாக்கி, எச்சில் தொட்டு ஒரு துண்டுத் தோலால் தேய்த்து இறுக்கினார். மேல்பக்கத்தைக் கவிழ்த்த கிண்ணம்போல் உருட்டி முடித்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க அந்தக் கிளப் குச்சிக்கு அடிதடி.

அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது இதுதான். 4,200 ரூபாய் குச்சியை விட, நூறு ரூபாய்க்குள் கிடைத்த புது டிப் என் ஆட்டத்தை அதிகம் மாற்றியது. இதை எழுதும்போதும் அதே அபிப்பிராயம்தான். கியூ சரியில்லை என்று தோன்றினால் முதலில் டிப்பை மாற்றிப் பாருங்கள். இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனசு கேட்கவில்லையென்றால் வேறு கியூ தேடலாம்.

எந்த டிப் என்பதில் பெரிய தத்துவம் வேண்டாம். எல்க் மாஸ்டர் போன்ற நீல நிற மெத்தென்ற டிப் மலிவு, சாக்கை நன்றாகப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் அமுங்கி ஓரம் காளான்போல் விரியும், அடிக்கடி சீவ வேண்டும். கமுய் போன்ற ஜப்பான் டிப்புகளில் மெல்லிய தோல்களை அடுக்கடுக்காக ஒட்டியிருப்பார்கள். விலை பல மடங்கு, ஆனால் வடிவம் நிற்கும். கெட்டியான டிப் ரொம்ப நாள் வரும், சாக் போடுவதில் கவனக்குறைவு இருந்தால் வழுக்கும். மெத்தென்ற டிப்தான் அதிகம் சுழற்றும் என்று கிளப்புகளில் ஒரு பேச்சு உண்டு. அப்படி இல்லை. சுழற்சி நீங்கள் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. பந்தின் ஆரத்தில் பாதியைத் தாண்டினால், அதாவது ஸ்னூக்கர் பந்தில் சுமார் 13 மி.மீ. தாண்டினால், எந்த டிப்பும் வழுக்கத்தான் செய்யும். மெத்தென்ற டிப் செய்வதெல்லாம் அந்த எல்லை வரை தைரியமாகப் போக விடுவதுதான்.

2021இல் இரண்டாவது கியூ வாங்கும்போது நான் அவசரப்படவில்லை. நீளம், எடை, ஜாயின்ட் மூன்றையும் முன்பே முடிவு செய்துகொண்டு போனேன்.

நீளத்துக்குச் சொல்தா ஐயா காட்டிய வழி: வெள்ளைப் பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் முழங்கையிலிருந்து கை, கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல் நேர் கீழே தொங்க வேண்டும். அப்போது பிடித்த கைக்குப் பின்னால் இரண்டு மூன்று அங்குலமாவது குச்சி மிச்சம் இருக்க வேண்டும். கை அடி முனையைத் தாண்டி வழுக்கினால் குச்சி குட்டை. ஒரு சாண் மிச்சம் நின்றால் நீளம். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், நமக்கே தெரியாது. நான் ஐந்தடி ஐந்து அங்குலம். 58 அங்குலக் கியூவில் நான் என்னையறியாமல் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன், குச்சியின் பின்பாரம் கையை இழுத்துக்கொண்டே இருந்தது. 57 எனக்குச் சரியாக வந்தது.

எடையை அவுன்ஸில் சொல்வார்கள். ஸ்னூக்கருக்கு 17, 18 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவை ஒட்டி, பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். ஆனால் எடையைவிடச் சமநிலைப் புள்ளியைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குச்சியை ஒரு விரலில் படுக்கவைத்து எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். அடியிலிருந்து 16, 17 அங்குலத்தில் நின்றால் எனக்கு இதம். அதைவிட முன்னால் போனால் முனை கீழே இழுக்கும். ஒரே எடையுள்ள இரண்டு கியூக்கள் கையில் வேறு வேறாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

ஜாயின்ட்டை முடிவு செய்தது பஸ். எனக்கு ஆபீஸ் கடலூர் மஞ்சக்குப்பத்தில், வீடும் கிளப்பும் புதுச்சேரியில். ஆபீஸ் முடிந்து நேராகக் கிளப்பில் இறங்க வேண்டுமென்றால் கியூவும் காலையில் என்னோடு கடலூருக்கு வர வேண்டும். ஒரே துண்டாக இருக்கும் கியூதான் அடிக்கும்போது நல்ல உணர்வு தரும் என்பார்கள். முக்கால் நீளத்தில் பிரியும் முக்கால் ஜாயின்ட் அதற்கு அடுத்தது, ஆனால் அதன் பெட்டி கிட்டத்தட்ட நாலடி. காலை எட்டு மணி பஸ்ஸில் ரெட்டிச்சாவடி தாண்டும்போது நாலடிப் பெட்டியோடு நின்று பார்த்தால்தான் தெரியும். நடு ஜாயின்ட் கியூ இரண்டரை அடிப் பெட்டியில் அடங்கும், மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். நான் நடு ஜாயின்ட் வாங்கினேன். அடிக்கும்போது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால், நல்ல பித்தளைத் திருகும் இறுக்கமான பொருத்தமும் இருந்தால் எனக்குத் தெரியவில்லை. தளர்ந்த ஜாயின்ட் மட்டும் உடனே தெரியும், அடிக்கும்போது டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும்.

அந்தக் கியூ ஆஷ் மரம், அடிக்கட்டை கருங்காலி. ஆஷ் மரத்தில் ரேகை நன்றாகத் தெரியும். முனைக்குப் பக்கத்தில் ரேகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அம்புக்குறிபோல் அடுக்கியிருக்கும். அந்த அம்பு மேலே தெரியும்படி ஒவ்வொரு தடவையும் பிடித்தால், குச்சி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அடிக்கட்டையின் முடிவில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவி, பட்டை பதித்திருப்பதும் இதற்கு உதவும். குனிந்திருக்கும்போதே விரலால் தடவிப் பார்த்துத் திசை சரியா என்று தெரிந்துகொள்ளலாம். மேப்பிள் மரம் வழவழப்பு, ரேகை தெரியாது. சிலருக்குக் கண்ணில் கோடு படாமல் இருந்தால்தான் ஆட்டம் வரும். எனக்குக் கோடு வேண்டும்.

மூன்று வருடம் அதில் ஆடினேன். என் கை என்று சொல்லலாம், அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை. எங்கள் வீடு கிருஷ்ணா நகரில், தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அம்மாவை மாடிக்கு ஏற்றி, அரிசி மூட்டை, பத்திரங்கள், பிரிட்ஜ் என்று தூக்கிய அவசரத்தில் கியூ பெட்டியை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கவைத்துவிட்டேன். தண்ணீர் அதைத் தொடவில்லை. கரண்ட் வந்து, சேறு கழுவி, வீடு வீடாக மாற இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை பெட்டியைத் திறக்கும் எண்ணமே வரவில்லை.

திறந்தபோது பூஞ்சை வாடை. உள்ளே இருந்த வெல்வெட் துணி ஈரத்தைக் குடித்துக் குளிர்ந்திருந்தது. பித்தளைப் பூண் பச்சை பூத்திருந்தது, மரம் உப்பியதில் பூணின் விளிம்பு விரலில் தட்டியது. மேல்தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுவிலிருந்து மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து போயிருந்தது. சுவரில் சாய்த்து வைத்த பக்கமே வளைந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஈரம் போகட்டும் என்று மாடியில் வெயிலில் வைத்தேன். இரண்டு நாளில் பூணுக்குக் கீழே ரேகை ஓரமாக ஒரு மயிரிழை விரிசல். வளைவு மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். லேசான வளைவு உள்ள கியூவைத் திசை மாற்றாமல் ஒரே பக்கமாகப் பிடித்து வருடக்கணக்கில் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். விரிசல் விழுந்ததை ஒன்றும் செய்ய முடியவில்லை. நிழலில், படுக்கவைத்து, மெல்லக் காயவிட்டிருக்க வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கியூவைச் சுவரில் சாய்க்காதீர்கள். ஜாயின்ட்டைக் கழற்றிப் படுக்கவைக்கலாம், அல்லது முழுசாக நேராகத் தொங்கவிடலாம். வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், மேல்மாடி லாஃப்ட்டும் வேண்டாம், கோடையில் கொதிக்கும். காரில் விட்டுவிட்டு ஆபீஸ் போவது கியூவுக்குச் செய்யும் துரோகம். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து மின்விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் வையுங்கள். ஆடி முடித்ததும் தண்டை உலர்ந்த துணியால் துடைப்பது எங்கள் ஊர் வியர்வைக்குக் கட்டாயம். பிசுபிசுப்பு போகவில்லையென்றால் பிழிந்த ஈரத்துணியால் ஒரு தடவை, உடனே உலர்ந்த துணியால் ஒரு தடவை. உப்புத்தாளைத் தண்டின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் தண்டு இளைக்கும், இளைத்தது திரும்பாது. விரலில் வழுக்கவில்லை என்று பவுடர் கொட்டினால் மேசைத் துணி பாழ். மூன்று விரல் கையுறை ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு கார்பன் ஃபைபர் தண்டைப் பற்றி யோசித்தேன். வளையாது, ஈரம் குடிக்காது, முன்பகுதி லேசு என்பதால் ஒதுக்கமும் குறைவு. கடலோரத்தில் இருப்பவனுக்கு வளையாது என்ற ஒரு காரணமே போதும். பூல் ஆடுபவராக இருந்து கையில் பணமும் இருந்தால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். நான் ஸ்னூக்கர்காரன், ரேகை பார்த்து ஆடியவன். மூன்றாவது கியூவும் ஆஷ்தான் வாங்கினேன். அதே 57 அங்குலம், அதே 17.5 அவுன்ஸ், அதே 9.5 மி.மீ. டிப், நடு ஜாயின்ட். பழகுவதற்கு எனக்கு மூன்று வாரம்தான் பிடித்தது. பழைய கியூவின் அளவுகளை நோட்டில் எழுதி வைத்திருந்தது அன்றைக்குக் கைகொடுத்தது.

போன வருடம் அக்கா மகள் வந்து நின்றாள். லாஸ்பேட்டையில் கல்லூரி, தோழிகளோடு ஞாயிற்றுக்கிழமை பூல் ஆடப் போவாள். "மாமா, எனக்கும் ஒரு ஸ்டிக் வேணும். உங்க மாதிரியே ஒண்ணு வாங்கித் தாங்க."

"என் மாதிரி வேண்டாம்மா, நீ ஆடுறது வேற மேசை" என்றேன். உடனே வாங்கித் தரவும் இல்லை. பூல் கிளப் குச்சிகளின் அடிக்கட்டையில் 18, 19, 20, 21 என்று எடை எண் பதித்திருப்பார்கள். ஒரு மாதம், ஒவ்வொரு தடவை ஆடும்போதும் எந்த எண் குச்சியை எடுத்தாள், எத்தனை கேமுக்குப் பிறகு தோள் வலித்தது என்று போனில் குறித்து வரச் சொன்னேன். முதல் வாரம் 20. எடை கூடினால் பலம் கூடும் என்று தோழி சொன்னாளாம். நாலாவது கேமில் கை சோர்ந்து, குச்சி நேராக வராமல் பக்கவாட்டில் ஆடியிருக்கிறது. மாதக் கடைசியில் பார்த்தால் அவள் தானாகவே 18ஐத்தான் அதிகம் எடுத்திருந்தாள்.

கடையில் அவளையே பார்க்கவிட்டேன். கியூவை முழுசாக மாட்டி மேசையில் உருட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதை மட்டும் நம்பக் கூடாது. ஜாயின்ட் அரை மயிரிழை கோணினாலும் நல்ல தண்டு தள்ளாடும். தண்டைத் தனியாக உருட்டி, அதற்கும் மேசைக்கும் நடுவில் தெரியும் வெளிச்சம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கட்டையைத் தனியாக உருட்ட வேண்டும். பிறகு அடியிலிருந்து முனை நோக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெல்லச் சுழற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். அங்கே எடுத்துப் பார்த்த மூன்றாவது கியூவில் அவளே, "மாமா, இது இங்க கொஞ்சம் எகிறுது" என்று காட்டினாள். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே வைத்தார்.

கடைசியில் எடுத்தது 58 அங்குலம், 18.5 அவுன்ஸ், 12.5 மி.மீ. முனை, நடுத்தரக் கெட்டியில் அடுக்குத் தோல் டிப். தண்டு முனையிலிருந்து ஓரடிக்கும் மேல் ஒரே பருமனாக வரும். விரல் வளையத்துக்குள் வைத்து அடிப்பவர்களுக்கு அது வசதி. ஸ்னூக்கர் கியூ முனையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டு போகும். கட்டைவிரல் பள்ளத்தில் வைத்து அடிப்பதால் அது நமக்கு உறுத்தாது. 8 பால் ஆட்டத்தின் பிரேக்கை மட்டும் கிளப் குச்சியில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். தனி பிரேக் கியூ இப்போதைக்கு அவளுக்குத் தேவையில்லை, ஆனால் சொந்த டிப்பை பிரேக்கில் நசுக்கவும் வேண்டாம். வெள்ளைப் பந்தைத் துள்ளவைத்து அடிக்கும் ஜம்ப் கியூ கேட்டாள். போட்டி விதிப்படி அதுவே 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. துணி கிழியும் என்று பல இடங்களில் ஜம்ப் அடிக்கவே விட மாட்டார்கள். ஒத்திப்போட்டோம்.

சாக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்தே இது மணல் சத்தும் குருந்தக்கல் போன்ற சொரசொரப்புத் தூளும் சேர்ந்த கலவை. அதனால்தான் பிடிக்கிறது. குடைவதுபோல் திருகாமல், நகத்துக்கு மை பூசுவதுபோல் ஓரத்திலிருந்து தடவ வேண்டும். மேசைமேல் வைக்கும்போது பூசும் பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும்.

கடலூரில் வீடு கட்டும் நண்பர் ஒருவர் மாடியில் பூல் மேசை போடலாமா என்று கேட்டார். எட்டடி மேசைக்கு 58 அங்குலக் கியூவைத் தாராளமாக இழுத்து அடிக்க வேண்டுமென்றால் அறை ஏறக்குறைய 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு தடவையும் குச்சி சுவரில் இடிக்கும், குட்டைக் குச்சியில் ஆடி ஆட்டம் கெடும். மேசைத் தளம் ஸ்லேட் கல்லாக இருந்தால் இன்ஜினியரிடம் எடையைச் சொல்லித் தாங்குமா என்று கேட்டுவிட வேண்டும். லேசாக இருக்கிறதே என்று மரத்தூளை அமுக்கிச் செய்த பலகைத் தளத்தில் வாங்கினால் சில்வர் பீச் காற்றில் அது உப்பும், பந்து தானாக ஒரு பக்கம் உருளும். இடமும் தாங்கும் தளமும் இல்லையென்றால் அந்தப் பணத்தில் வருடக்கணக்கில் கிளப்பில் ஆடலாம் என்றேன். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

சொல்தா ஐயா இப்போது மகளோடு பிரான்சில் இருக்கிறார். போகும்போது அந்தக் கண்ணாடிக் கூட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன ஞாயிறு அக்கா மகள் கியூவோடு வந்து, "மாமா, டிப் ஓரம் விரியுது, பாருங்க" என்றாள். விரிந்துதான் இருந்தது, காளான் குடைபோலச் சுற்றி வர. பலகையை எடுத்துப் போட்டேன், கூட்டைத் திறந்து புது பிளேடைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

"இழுக்காத. மேலேர்ந்து கீழ எறக்கு. அவசரம் இல்ல."

நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் சீவலை எடுத்தாள். மெல்லிய நீலச் சுருளாக அது பலகையில் விழுந்தது. குச்சியைக் கொஞ்சம் திருப்பி அடுத்ததைச் சீவத் தொடங்கினாள்.